எதிர்பாராத விதமாக மூடப்பட்டது

எதிர்பாராத விதமாக மூடப்பட்டது என்று திரை மறுபடியும் சொன்னது, ஆங்கிலத்தில், துக்கம் விசாரிக்க வந்தவர் குரலில். யார் எதிர்பார்க்கவில்லை என்று எழில்வேந்தன் மனதுக்குள் கேட்டுக்கொண்டார். நேற்று ஆல்பம் செய்யும் மென்பொருள் முதல் தடவை விழுந்தபோது அந்தச் சொல்லை அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் நேற்றிலிருந்து ஒரே மணப்பெண்ணின் முகத்தில், ஒரே இடத்தில், ஒரே மாதிரி விழுந்துகொண்டிருக்கும் ஒன்றை எதிர்பாராதது என்று சொல்வது திரைக்கு வெட்கமாக இருக்க வேண்டாமா. மூடப்பட்டது என்பது அதைவிட மோசம். யாரால் மூடப்பட்டது? தன்னால்தானே மூடிக்கொண்டது, அதைச் சொல்ல என்ன கூச்சம்? ஐம்பத்து மூன்று வயதில் ஒரு மனிதருக்குக் கணினித் திரையோடு வாக்கியச் சண்டை போட நேரம் இருக்கிறதென்றால், சண்டை போட வீட்டில் வேறு ஆள் இல்லை என்று அர்த்தம், இது அவருக்கே தோன்றியது, தோன்றியதை ஒரு ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு 'சரி' என்ற பொத்தானைத் தட்டினார். அந்தப் பெட்டியில் வேறு பொத்தான் கிடையாது. சரி இல்லை என்று சொல்ல யாரும் இடம் வைக்கவில்லை. மன்னார்குடியில் ஒரு மருந்துக்கடையின் மாடியில், ஜெய்லானி பாயின் ஸ்டுடியோவுக்கென்று தடுத்த அறையில் இது நடந்துகொண்டிருந்தது. பாய் ஊர் ஊராகப் போய்க் கல்யாணங்களைப் படம் எடுப்பார். எழில்வேந்தன் இந்த அறையில் உட்கார்ந்து அந்தப் படங்களைக் கழுவித் துடைத்து, கறுத்த முகங்களைப் பெண் வீட்டார் விரும்பும் அளவுக்கு வெளுத்து, பின்னால் தெரியும் பிளாஸ்டிக் நாற்காலிகளை அழித்து, ஆல்பமாக்குவார். இந்த ஊரில் இத்தனை வருடத்தில் எத்தனை பேருடைய பருக்களைத் தான் நீக்கியிருக்கிறோம், அவர்களில் ஒருவர்கூடக் கடைத்தெருவில் தன்னை அடையாளம் கண்டுகொண்டதில்லை, தனக்கு மட்டும் அவர்கள் எல்லாருடைய முகத்தின் நிஜமும் தெரியும் என்று அவர் நினைத்துக்கொள்வதுண்டு. கோயில் வாசலில் ஒரு பெண் கணவனோடு வண்டியிலிருந்து இறங்குவாள். இவர் மனதில், இடது புருவத்துக்கு மேலே தழும்பு, மூன்றாம் அடுக்கில் மறைத்தது, என்று ஓடும். பேச்சைத் தொடங்க அது ஒன்றும் நல்ல வாக்கியம் இல்லை.

கைபேசி அடித்தது. "என்ன எழில் சார், பெட்டி எந்திரிச்சுதா?" என்றார் பாய், பின்னால் நாதஸ்வரம் கேட்டது. "எந்திரிக்குது பாய். எந்திரிச்சு ரெண்டு எட்டு வச்சிட்டு மயங்கி விழுது" என்றார் இவர். "மசக்கையா இருக்கும் சார்." "நீங்க புது வெர்ஷன் போட்டுக் குடுத்ததுல வந்த வினைதான்." "நான் என்ன ஆசைப்பட்டா போட்டேன்? பழசுக்கு இனிமே லைசென்ஸ் சாவி கிடையாதுன்னு கம்பெனிக்காரன் கையை விரிச்சிட்டான். சாயங்காலத்துக்குள்ள பிரிண்ட் போட தஞ்சாவூர் லேபுக்கு ஏத்திடணும் சார், ஞாயித்துக்கிழமை வரவேற்பு, பொண்ணோட தாய்மாமா என் காதுலயே குடியிருக்காரு. அந்த ரூபன் சொன்னதெல்லாம் பண்ணிப் பாத்தீங்களா?" "எல்லாம் பண்ணியாச்சு" என்றார் எழில்வேந்தன். அது பொய். ரூபன் என்பவர் மென்பொருளை விற்ற கடையில் ஃபோனுக்குப் பதில் சொல்ல உட்கார்த்தியிருக்கும் ஆள், முகம் தெரியாது, குரலில் ஜலதோஷம் தெரியும். அவர் சொன்னவற்றில் ஒன்றைத் தவிர எல்லாம் செய்தாயிற்று. கணினியை நிறுத்தித் தொடங்கியாயிற்று. சேமிப்பு வட்டில் இடம் ஒழித்தாயிற்று, அதற்காகப் பழைய பூப்புனித நீராட்டு விழாக்கள் பல வெளியேற்றப்பட்டன. கிராஃபிக்ஸ் அட்டையை அணைத்துப் பார்த்தாயிற்று. எழுத்துருக்களில் பாதியை எடுத்துவிட்டு ஓட்டி, பிறகு மீதிப் பாதியை எடுத்துவிட்டு ஓட்டி, கடைசியில் ஓர் எழுத்துருவும் இல்லாமல் ஓட்டியபோது மணமக்கள் பெயரெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தன, அப்போதும் விழுந்தது. "கடைசியா ஒண்ணுதான் சார்" என்றிருந்தார் ரூபன், "மூணு விசையையும் அமுக்கிக்கிட்டே திறங்க. செட்டிங்ஸ் எல்லாத்தையும் அழிச்சிரலாமான்னு கேக்கும், ஆமான்னு சொல்லுங்க, சுத்தமா ஆயிரும். பழைய ஆக்‌ஷன் ஏதாவது வச்சிருக்கீங்களா? இருந்தா அதுவும் போயிரும், சொல்லிட்டேன்." "ஒண்ணும் இல்லை" என்று எழில்வேந்தன் உடனே சொல்லியிருந்தார், கேட்காத கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொல்கிறவர் வேகத்தில். மூன்று விசையையும் அவர் பலமுறை அமுக்கிவிட்டார். கட்டைவிரலும் சுண்டுவிரலும் அகன்று, வீணை வாசிக்கத் தெரியாதவன் வீணையைத் தொட்ட மாதிரி ஒரு நிலை. அழிக்கவா என்று கேட்கும். வேண்டாம் என்பார். அந்தப் பெட்டியிலாவது இரண்டு பொத்தான் இருந்தது.

ஆக்‌ஷன் என்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ஒரு படத்தில் கையால் செய்கிற வேலைகளை மென்பொருள் வரிசையாகப் பதிவு செய்துகொள்ளும். அடுத்த படத்தில் ஒரு தட்டு தட்டினால் அதே வேலைகளை அதே வரிசையில் தானே செய்யும். நடுவில் எங்காவது நிறுத்தி, வேலை செய்பவருக்கு ஒரு வாக்கியம் காட்டும்படியும் வைக்கலாம். அவரிடம் இருந்த ஒரே ஆக்‌ஷன் தையல்நாயகி செய்தது. தையல்நாயகி இந்த அறையில் அவருக்கு முதுகைக் காட்டியபடி பக்கத்து மேசையில் பல வருடம் வேலை பார்த்தவர், கணவருக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்ததும் எட்டு வருடம் முன்பு குடும்பத்தோடு போய்விட்டவர். இருவரும் முதுகோடு முதுகாகத்தான் உட்கார்ந்திருந்தார்கள். யோசித்துப் பார்த்தால் அவர் முகத்தைவிடக் கழுத்தின் பின்புறத்தைத்தான் இவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, அதையும் தண்ணீர் எடுக்கத் திரும்பும்போது பார்த்ததுதான். நாற்காலி லேசாகக் கிறீச்சிட்டால் அவர் சோம்பல் முறிக்கிறார் என்று தெரியும். மூக்கில் தொடங்கும் ஒரு சிரிப்பு கேட்டால் மாப்பிள்ளை ஒருவர் கண்ணை மூடியிருக்கும் படம் வந்திருக்கிறது என்று தெரியும். பேசிக்கொண்டது குறைவு. இவர் பேசுவதே குறைவு. பேசினாலும் சுவரொட்டிகளில் ஒற்றெழுத்து விடுபட்டதைப் பற்றித்தான் பேசுவார். தையல்நாயகி போன பிறகு ஆக்‌ஷனை ஓட்டியபோது முதல் பெட்டி வந்தது. Mudhalla kannu. Apparam thaan mathathu. முதலில் கண், அப்புறம்தான் மற்றது. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுகிறவர்களை எழில்வேந்தனுக்குப் பிடிக்காது, அந்தப் பெட்டிக்குத் தமிழ் எழுத்து வராது என்பதால் இந்த ஒருவரை மன்னித்தார். கொஞ்சம் தள்ளி இரண்டாவது பெட்டி, பெண் ரொம்ப வெளுத்துவிட்டால் ஒரு படி பின்னால் வா என்றது. மூன்றாவது, கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார், கண் வலிக்கும் என்றது. கடைசியாக, முடிந்தது, தண்ணீர் குடி. அன்று எழில்வேந்தன் தண்ணீர் குடித்தார். அதன் பிறகு ஆல்பத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் அது சொன்னது, எல்லாத் தடவையும் குடித்தார் என்று சொல்ல முடியாது, குடித்தால் கீழே மருந்துக்கடைக்காரரிடம் கழிப்பறைச் சாவி கேட்க வேண்டும். ஆனால் ஜன்னலை எல்லாத் தடவையும் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் சுவர்தான், ஒரு ஏசி வெளிப்பெட்டி, அதன் மேல் எப்போதும் ஒரு புறா. எட்டு வருடமாக அந்தச் சுவரில் சுண்ணாம்பு உரியும் இடம் இலங்கை மாதிரி இருந்து, பிறகு ஆஸ்திரேலியா மாதிரி ஆகி, இப்போது எந்த நாடு மாதிரியும் இல்லாமல் போனதை அவர் அறிவார்.

இந்த வாக்கியங்களைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டு ஆக்‌ஷனை அழித்தால் என்ன என்று புத்தி கேட்டது. எழுதவே வேண்டாம், எல்லாம் மனப்பாடம். ஆனால் மனப்பாடமாகத் தெரிந்ததை இன்னொருவர் வாயால் கேட்பது வேறு, கோயிலுக்குப் போகிறவர்கள் அர்ச்சனையில் தங்கள் பெயரைக் கேட்கத்தானே போகிறார்கள், பெயர் தெரியாமலா போகிறார்கள். ஒரு நாளில் அவரிடம் யார் பேசுகிறார்கள்? மெஸ்ஸில் பரிமாறுகிறவர் ரசமா மோரா என்பார். பாய் ஆச்சா ஆச்சா என்பார். சென்னையில் இருக்கும் தங்கை ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு, சர்க்கரை பார்த்தாயா என்று கேட்டு, பதில் வருவதற்குள் யாரையோ அதட்டப் போய்விடுவாள். இவர்கள் யாரும் கண் வலிக்கும் என்று சொல்வதில்லை. போன மாதம் ஒரு காலையில் எழுந்தபோது அறை லேசாகச் சுற்றியது, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார், அப்போது தோன்றியது பயம்கூட இல்லை, ஒரு கணக்கு. இப்போது விழுந்தால் முதலில் கவனிக்கப்போவது பாய்தான், அதுவும் ஏதாவது ஆல்பம் பாதியில் நின்றிருந்தால். அன்றைக்கு நின்றிருந்தது என்பதில் ஒரு சின்ன ஆறுதல். இதை யாரிடமும் சொல்லவில்லை. எதிர்பாராத விதமாக மூடப்பட்டது என்று பாய் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்தாலும் அடிப்பார். நேற்றிலிருந்து அந்தக் கடைசிப் பெட்டி வரவில்லை. முதல் மூன்றும் வருகின்றன, ஜன்னலைப் பார் என்கிறது, பார்க்கிறார், திரும்பினால் விழுந்து கிடக்கிறது. தண்ணீர் குடி வரைக்கும் போவதில்லை. அப்படியென்றால் கோளாறு மூன்றாவது பெட்டிக்கும் நான்காவது பெட்டிக்கும் நடுவில்தான், அதாவது ஆக்‌ஷனில்தான். இது அவருக்கு நேற்றே தெரியும். வீட்டில் திருட்டுப் போனால் பால்காரர், கேஸ்காரர், மேல் வீட்டுக்காரர் எல்லாரையும் விசாரித்துவிட்டு ஒருவரை மட்டும் விசாரிக்காமல் இருப்பது போல, வட்டையும் அட்டையையும் எழுத்துருவையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். ஆக்‌ஷனைத் தனிக் கோப்பாக வெளியே எடுத்துவைக்கவும் பார்த்தார். அதற்கும் விழுந்தது. உள்ளேயும் இருக்க விடாது, வெளியேயும் வர விடாது.

சாயங்காலம் என்று பாய் சொன்னது காதில் இருந்தது. வெளியே வெயில் சுவரின் பாதிக்கு வந்துவிட்டது. எழில்வேந்தன் மணப்பெண்ணை மறுபடியும் திறந்தார். நல்ல கண்கள், கொஞ்சம் பயந்த கண்கள், பாதி முகம் அவளுடையது, பாதி முகம் தாய்மாமாவின் விருப்பம். ஆக்‌ஷனின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன முக்கோணம் இருக்கும், அதைத் தட்டினால் உள்ளே இருக்கும் படிகள் எல்லாம் கீழே விரியும். எட்டு வருடத்தில் அவர் அதைத் தட்டியதே இல்லை. எதற்குத் தட்ட வேண்டும், ஓடிக்கொண்டுதானே இருந்தது. அதோடு அடுத்தவர் கைப்பையைத் திறப்பது போல ஒரு தயக்கமும் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்ளலாம். தட்டினார். தையல்நாயகியின் கை படி படியாக இறங்கியது. அடுக்கை இரட்டி. மங்கலாக்கு. ஒளியை ஏற்று. ஏற்றியதைக் கொஞ்சம் குறை. மறுபடி ஏற்று. இந்த இடத்தில் அவர் மனதை மாற்றிக்கொண்டிருக்கிறார், மென்பொருள் அந்த மனமாற்றத்தையும் விடாமல் பதிவு செய்து எட்டு வருடமாக ஒவ்வொரு மணப்பெண்ணுக்கும் கொஞ்சம் ஏற்றி, கொஞ்சம் குறைத்து, மறுபடி ஏற்றியிருக்கிறது. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்திருப்பார் என்று எழில்வேந்தன் நினைத்தார், உடனே, முதுகைப் பார்த்தவனுக்கு உதடு எப்படித் தெரியும் என்றும் நினைத்தார். படிகளை ஒவ்வொன்றாக ஓட்டினார். ஒன்றும் விழவில்லை. ஜன்னலைப் பார் வந்தது, புறா இல்லை, சுவரைப் பார்த்தார். அதற்கு அடுத்த படியில் பிரஷ் என்று மட்டும் இருந்தது. பிரஷ்ஷா, இதில் எங்கே பிரஷ் வந்தது? பக்கம் முழுவதும் ஒளியையும் நிறத்தையும் மாற்றுகிற வேலை, கையால் தீட்டுகிற வேலையே இல்லையே. விரித்துப் பார்த்தார். கறுப்பு நிறம். ஒரே ஒரு தொடுதல். மேலிருந்து கொஞ்சம், இடமிருந்து கொஞ்சம், அவ்வளவுதான். ஓட்டினார். எதிர்பாராத விதமாக மூடப்பட்டது. இந்தத் தடவை அவர் நிஜமாகவே எதிர்பார்க்கவில்லை.

பழைய ஆல்பம் ஒன்றைத் திறந்து, பக்கத்தின் மேல் இடது மூலையைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். திரை முழுக்க வெறும் சந்தன நிறம், பிறகு ஓரத்திலிருந்து அது மெதுவாக உள்ளே வந்தது. கறுப்பாக, வட்டமாக, விளிம்பு கொஞ்சம் மிருதுவாக, விரல் நுனியால் வைத்து எடுத்தது போல. அழுக்குக்கு இவ்வளவு அக்கறை வராது. வேறு ஆல்பம் திறந்தார், அதிலும் இருந்தது. அதற்கு முந்தைய வருடம், அதற்கும் முந்தைய வருடம். வலங்கைமான் கல்யாணத்தில் இருந்தது, திருத்துறைப்பூண்டி நிச்சயதார்த்தத்தில் இருந்தது, பாயின் மச்சான் மகள் நிக்காவில்கூட, யாருக்கும் தெரியாமல், மூலையில் ஒரு திருஷ்டிப் பொட்டு. எழில்வேந்தன் நாற்காலியில் சாய்ந்தார். அவருடைய அப்பா கறுப்புச் சட்டைக்காரர், மகனுக்கு இப்படி ஒரு பெயர் வைத்து, ஜாதகம் எழுதாமல், நல்ல நேரம் பார்க்காமல் பள்ளிக்கூடத்தில் சேர்த்தவர். பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு தடவை, பிள்ளை இவ்வளவு லட்சணமாக வெறுங்கன்னத்தோடு நிற்கிறதே என்று மையைத் தொட்டு வைத்துவிட்டாள். அப்பா ஒன்றும் சொல்லாமல் துண்டின் ஓரத்தை நாக்கில் நனைத்துத் துடைத்தார். கோபமாக இல்லை, கணக்கில் தப்பை அடிக்கிற மாதிரி. ஈரம் காயும் வரை கன்னத்தில் குளிர்ந்துகொண்டிருந்தது. இவருக்கும் திருஷ்டியில் நம்பிக்கை கிடையாது, இப்போதும் கிடையாது. ஆனாலும், இந்த ஊரின் மணமக்கள் எல்லாருக்கும் யாரும் பார்க்காத மூலையில் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போகும் ஒரு மனம் முதுகுக்குப் பின்னால் அத்தனை வருடம் இருந்திருக்கிறது, தனக்குத்தான் தெரியவில்லை. எல்லாருக்கும் வைத்தவர் கண் வலிக்கும், தண்ணீர் குடி என்றும் எழுதியிருக்கிறார். அதை அவர் யாருக்கு எழுதினார்? இந்த அறையில் வேறு யார் இருந்தார்கள்? கேள்வி அந்த இடத்துக்குப் போனதும் மனம் வேறு ஏதோ வேலை இருப்பது போலத் திரும்பிக்கொண்டது, உடனே மறுபடி அங்கேயே வந்து நின்றது.

எண் கைபேசியில் இருந்தது. எட்டு வருடமாக இருந்தது. கூப்பிடக் காரணம் இல்லாமல் யாரையும் கூப்பிடும் பழக்கம் அவருக்கு இல்லை, காரணம் தேடிக் கூப்பிடுவது அதைவிட வெட்கம். பொங்கலுக்கு ஒரு தடவை வாழ்த்து தட்டச்சு செய்து, வாழ்த்துகளா வாழ்த்துக்களா என்ற யோசனையில் அனுப்பாமல் விட்டார். இப்போது காரணம் இருக்கிறது, ஆல்பம் நிற்கிறது, பாய் கத்துகிறார், தொழில்நுட்பக் கோளாறு, இதைவிட மரியாதையான காரணம் கிடைக்காது. முதல் வாக்கியத்தை ஒத்திகை பார்த்தார். வணக்கம், நான் எழில்வேந்தன். நாடகம் போல இருந்தது. நான்தான் எழில். அது ரொம்பப் பழகிய மாதிரி இருந்தது. விரல் அதற்குள் தட்டிவிட்டது.

"ஹலோ... எழில் சாரா! என்ன சார் அதிசயமா இருக்கு. யாருக்கும் ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்லை. எல்லாரும் நல்லா இருக்கோம்." எல்லாரும் என்பது அவரும் பாயும்.

"பாய் இன்னும் சத்தம் போடுறாரா?"

"போடுறாரு. கீழ மருந்துக்கடைல காதுக்கு வைக்கிற பஞ்சு நல்லா விக்குது."

மூக்கில் தொடங்கும் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. பின்னால் குக்கர் ஒன்று இரைந்தது, ஒரு பெண் குழந்தை எதையோ உரக்கப் படித்துக்கொண்டிருந்தது.

"ஒரு சந்தேகம். அந்த ஆல்பம் ஆக்‌ஷன், நீங்க பண்ணி வச்சது. புது வெர்ஷன்ல விழுது."

"அய்யோ, அதையா இன்னும் ஓட்டுறீங்க? இப்பல்லாம் ஒரு பட்டனத் தட்டுனா அதுவே மூஞ்சியத் தொடைச்சு, பவுடர் போட்டு, குடுத்துருது சார்."

"பழகிருச்சு. அதுல கடைசிக்கு முன்னாடி ஒரு பிரஷ் இருக்கு. ஓரத்துல ஒரு கறுப்புப் பொட்டு."

"பொட்டா?" குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது. பிறகு, "அட ஆண்டவா, அது பாப்பா போட்டோ சார்!"

"பாப்பாவா?"

"எல்கேஜி அப்ளிகேஷனுக்கு. ஆன்லைன்ல ஏத்தணும்னு தீப்பெட்டி அளவுக்குச் சுருக்குனேன். பாத்தா வெறுங்கன்னமா இருக்கு. ஊரு பேரு தெரியாதவன்லாம் பாப்பானே, அப்படியே அனுப்ப மனசு வரல, கையில பிரஷ் இருக்கு, ஒண்ணு வச்சுவிட்டேன். அப்ப ரெக்கார்டிங் ஓடிக்கிட்டு இருந்திருக்கு, நிறுத்த மறந்துட்டேன். அப்புறம் உக்காந்து வேண்டாததெல்லாம் அழிச்சேன் சார், இது ஒண்ணு தப்பிச்சிருச்சு போல. அப்ப... இத்தனை வருஷமா எல்லா ஆல்பத்துலயுமா விழுந்துச்சு?"

"எல்லாத்துலயும்."

"எத்தனை ஜோடிக்குத் திருஷ்டி கழிச்சிருக்கேன் பாத்தீங்களா, ஒருத்தன் ஒரு பத்திரிகை வைக்கல!" அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். குழந்தை படிப்பதை நிறுத்திவிட்டு என்னம்மா என்னம்மா என்று கேட்டது.

"சின்னப் படத்துல கன்னம் இருந்த தூரம், பெரிய பக்கத்துல ஓரத்துலதான் விழுந்துச்சு. லேபுல பக்கத்தை வெட்டுறப்ப அந்த ஓரம் போயிரும்" என்றார் எழில்வேந்தன். ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. சரியான தகவல் என்பதைத் தவிர அதைச் சொல்ல ஒரு காரணமும் இல்லை.

"ஓ" என்றார் தையல்நாயகி. சிரிப்பு கொஞ்சம் இறங்கியிருந்தது. "வெட்டிருவாங்கல்ல. ஆமா. அந்த ஒரு படிய மட்டும் அழிச்சிருங்க சார், ஓடும். அந்தப் பழைய பிரஷ் இப்ப இருக்காது, அதைத் தேடித்தான் விழுது."

வேலை முடிந்துவிட்டது. நன்றி சொல்லி வைத்துவிடலாம். "அந்தப் பெட்டிங்க வருதே" என்றார். "ஜன்னலைப் பாரு, தண்ணி குடின்னு."

"அதுவும் இருக்கா இன்னும்? அது எனக்கப்புறம் வர்ற பொண்ணுக்கு எழுதுனது சார். சின்னப் பிள்ளையா இருக்கும், பயப்படும், நீங்க வேற வாயத் தொறக்க மாட்டீங்க. ஒரு வார்த்தை நம்ம சொல்லி வைப்போம்னு வச்சேன். நல்லா வேலை பாத்துச்சா அது?"

"எது?"

"அந்தப் பொண்ணுதான் சார்."

அப்படி ஒரு பெண் வரவே இல்லை. வருவதாகச் சொன்ன ஒருத்தி அதே வாரம் ஜவுளிக்கடையில் சேர்ந்துவிட்டாள், பாயோ நீங்க ஒருத்தரே ரெண்டு பேருக்குச் சமம் சார் என்று சொல்லிப் பக்கத்து மேசையில் பிரேம்களை அடுக்கிவிட்டார். எழில்வேந்தன் அந்த பிரேம்களைப் பார்த்தார்.

"நல்லாப் பாத்துச்சு" என்றார்.

"பயந்துச்சா?"

"ஆரம்பத்துல. அப்புறம் பழகிருச்சு."

"தண்ணி குடிச்சுச்சா?"

"குடிச்சுச்சு."

"அது போதும்" என்றார் தையல்நாயகி, ஏதோ ஒரு கணக்கு நேரான திருப்தியோடு. "நீங்களும் உடம்பப் பாத்துக்கங்க சார். அடுப்புல வச்சிருக்கேன், வைக்கட்டுமா?"

கைபேசியை வைத்த பிறகு அறை முன்பு இருந்த அதே அளவில்தான் இருந்தது, கொஞ்சம் பெரிதானது போலத் தோன்றியது பிரமை. கீழே யாரோ இருமல் மருந்து கேட்டார்கள், சர்க்கரை இல்லாததா என்று கடைக்காரர் கேட்டார். அடுத்தவருக்கு வந்த கடிதத்தை எட்டு வருடம் பிரித்துப் படித்திருக்கிறோம் என்று எழில்வேந்தன் நினைத்தார். அதைவிடச் சரியாகச் சொன்னால் வராத ஒருவருக்கு வந்த கடிதம், வராதவருக்கு உரியது யாருக்கு உரியது என்பதில் சட்டம் என்ன சொல்லும் என்று கொஞ்ச தூரம் யோசனை போனது, அது தப்பித்து ஓடுகிற யோசனை என்று தெரிந்து நிறுத்தினார். அவமானமாக இருக்க வேண்டும். இல்லை. ஒரு மூடத்தனமான நிம்மதிதான் இருந்தது. தாகம் என்னவோ நிஜமாகத்தான் இருந்தது, அந்தப் பெண்ணுக்குப் பதிலாக யாராவது குடித்துத்தான் ஆக வேண்டியிருந்தது. ஒரு பொய்யால் ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்து, பயந்து, தேறி, தண்ணீர் குடித்து எட்டு வருடம் ஓட்டிவிட்டாள், அவளுக்கு ஒரு பெயர்கூட இல்லை. பிரஷ் என்ற படியைத் தேர்ந்தெடுத்தார். குப்பைத்தொட்டிப் படத்தின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோனார். அழித்தால் எல்லாம் ஓடும், மற்றதெல்லாம் இருக்கும், எதையும் இழக்கப்போவதில்லை, நேற்றிலிருந்து அவர் கேட்டது அதைத்தானே. ஓசூரில் வளர்ந்துவிட்ட ஒரு குழந்தையின் கன்னம் அந்த இடத்தில் இருந்தது, அவ்வளவுதான், அதுவும் தவறுதலாக. அழித்தார்.

மேலே ஏழாவது படிக்கும் எட்டாவது படிக்கும் நடுவில் எப்போதும் ஒரு கோடுதான் இருக்கும், இங்கேயும் அப்படித்தான் இருந்தது, ஒன்று போனது யாருக்கும் தெரியாதபடி மேலும் கீழும் நெருங்கிக்கொண்டிருந்தன. அது அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு நல்ல பதிப்பாசிரியர் ஏடு செல்லரித்த இடத்தில் இவ்வளவு அரித்திருக்கிறது என்று புள்ளி வைத்துக் காட்டுவார். பட்டியலில் தேடினார். நிறுத்தி ஒரு செய்தி காட்டு என்ற வசதி அங்கேதான் இருந்தது, எட்டு வருடமாக எட்டும் தூரத்தில். ஒரு வெற்றுப் பெட்டி திறந்தது. புது வெர்ஷனில் அதற்குத் தமிழ் எழுத்து வருகிறது என்பதை முதல் எழுத்தை அடித்தபோது கண்டார், மேம்படுத்தியதில் உருப்படியாக நடந்த ஒரே காரியம். கவனம் என்று தொடங்கி அழித்தார். அன்புள்ள என்று தொடங்கி அதைவிட வேகமாக அழித்தார். பிறகு, இந்த இடத்தில் ஒரு பொட்டு இருந்தது, என்று அடித்து முற்றுப்புள்ளி வைத்தார். இதற்கு மேல் எதைச் சேர்த்தாலும் கூடுதல்.

மணப்பெண்ணைத் திறந்து ஓட்டினார். முதலில் கண் என்றது. கண்ணைப் பார்த்தார். ஒரு படி பின்னால் வா என்றது. ரொம்ப வெளுத்துத்தான் இருந்தாள், முதல் தடவையாக நிஜமாகவே ஒரு படி பின்னால் போனார், தாய்மாமாவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஜன்னலைப் பார் என்றது, புறா வந்திருந்தது. அடுத்து அவருடைய பெட்டி வந்தது. இந்த இடத்தில் ஒரு பொட்டு இருந்தது. தெரியாத ஒருவர் எழுதியதைப் போல அதை ஒரு முறை படித்தார். பிழை இல்லை. ஒருவர் சொல்லி ஒருவர் கேட்டது போல இருந்தது, அறையில் இருந்தது ஒருவர்தான் என்றாலும். நிறுத்து, தொடர் என்று கீழே இரண்டு பொத்தான்கள் காத்திருந்தன. "அப்படியா?" என்றார் எழில்வேந்தன், வாய்விட்டு, வெற்று அறையில், பிறகு தொடர் என்பதைத் தட்டினார்.